தோர்னியா இல்லாத வரைபடம்

எங்கள் ஊர் பெதர்னோசாவில் நல்ல சாலை என்று ஒன்றே ஒன்றுதான் உண்டு. அது எந்த ஊருக்கும் போகாது.

அது பார்பரா அன்னையின் சாலை. ஊர்க் கோயில் வாசலில் தொடங்கி, மேட்டில் ஏறி, மறுபக்கம் கொஞ்சம் இறங்கி, மலை விளிம்பில் இருக்கும் சின்னக் கோயிலில் முடிந்துவிடும். டிசம்பர் மாதத் திருவிழாவன்று அன்னையின் சப்பரத்தை அந்த வழியாகத்தான் தோளில் சுமந்து போவார்கள். சுமப்பவர்களுக்குக் கால் இடறக் கூடாது என்று ஊரே சேர்ந்து பள்ளம் நிரப்பும். இரண்டு ஓரத்திலும் கல் நட்டுச் சுண்ணாம்பு அடிக்கும்.

மற்ற வழிகளை நாங்கள் கண்டுகொள்வதே இல்லை. அரான்சா நகரத்துக்குப் போகிற வழிகூட ஆட்டுத் தடம் போலத்தான் இருக்கும். கோவேறு கழுதை ஓட்டுகிறவர்கள் போகிற வழிதானே, அதற்கு எதற்கு ஆடம்பரம் என்று விட்டுவிட்டோம்.

அது 1811ஆம் ஆண்டு, பிரெஞ்சுக்காரர்கள் எங்கள் நாட்டுக்குள் படையெடுத்து வந்திருந்த காலம். திருவிழாவுக்குச் சில நாட்களே இருந்தன. சுண்ணாம்பு அடித்து முடித்த மறுநாள் காலையில், மூடுபனிக்குள்ளிருந்து வண்டிச் சக்கரங்களின் சத்தம் கேட்டது.

"பிரெஞ்சுப் பட்டாளம் வருது" என்று யாரோ ஓடிவந்து சொன்னார்கள்.

அவ்வளவுதான். கோழிகள் கட்டிலுக்கு அடியில் போயின. உப்புக்கண்டம் கிணற்றுக்குள் இறங்கியது. எங்கள் பங்குச் சாமியார் தோன் கலிஸ்தோ ஊர் ரொட்டிச் சூளைக்குள் புகுந்துகொண்டார். போர் தொடங்கியதிலிருந்து சில சாமியார்கள் துப்பாக்கி தூக்கியிருந்தார்கள். அதனால் எந்தச் சாமியார் கையில் அகப்பட்டாலும் பிரெஞ்சுக்காரர்கள் தூக்கில் போட்டுவிடுவார்கள். எங்கள் சாமியார் துப்பாக்கியைத் தொட்டதே இல்லை. ஆனால் அதையெல்லாம் யார் விசாரிக்கப்போகிறார்கள்? சூளையின் வாய் அவர் உடம்புக்குச் சிறியது. இரண்டு பேர் பின்னாலிருந்து தள்ளித்தான் உள்ளே போனார்.

பத்து வயது கித்தேரியா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு சதுக்கத்தில் நின்றாள்.

வண்டிகள் வந்து நின்றன. அவற்றில் காயம்பட்ட சிப்பாய்கள் வைக்கோல்மேல் கிடந்தார்கள். முன்னால் குதிரையில் ஒரு கேப்டன். அவர் பெயர் புசார். மூக்குக்கண்ணாடி போட்ட ஒல்லியான மனிதர். எங்கள் மொழியைப் புத்தகத்திலிருந்து கற்றவர், பேசினால் பிரசங்கம் கேட்பதுபோல இருக்கும்.

"அரான்சா நகருக்கு வழிகாட்ட ஒருவன் தேவை. இங்கே கழுதை ஓட்டுபவன் எவன்?"

யாரும் வாய் திறக்கவில்லை. ஆனால் எல்லோருடைய கண்ணும் தன்னை அறியாமல் ஒரே பக்கம் திரும்பியது. அங்கே கித்தேரியாவின் அப்பா எலாதியோ நின்றிருந்தார். கேப்டனுக்கு அதுவே போதும்.

இரண்டு சிப்பாய்கள் அப்பாவின் கழுத்தில் கயிற்றை மாட்டினார்கள். மறுமுனையை முதல் வண்டியின் நுகத்தடியில் கட்டினார்கள். அம்மா கித்தேரியாவின் தோளைப் பற்றினாள். நகம் பதிந்தது.

"அரான்சாவுக்கு எந்த வழி?" என்று கேப்டன் கேட்டார்.

"துணி தொவைக்கிற தொட்டிக்குப் பின்னாடி எறங்கணுங்க. அப்புறம் காட்டு வழி. ஒரு வண்டி நெருக்கிக்கிட்டுப் போகலாம்" என்றார் அப்பா.

கேப்டன் தொட்டிக்குப் பின்னால் பார்த்தார். குறுகலான தடம் ஒன்று இருண்ட மரங்களுக்குள் நுழைந்து மறைந்தது. இந்தப் பக்கம் திரும்பினார். அகலமான சாலை, பளிச்சென்ற வெள்ளைக் கற்கள்.

"அந்தச் சாலை எங்கே செல்கிறது?"

"எங்கயும் போகாதுங்க."

"எங்கும் செல்லாத சாலைக்கு எவன் சுண்ணாம்பு அடிப்பான்?"

நியாயமான கேள்விதான். எங்கள் ஊரைத் தவிர வேறு எந்த ஊர்க்காரனும் அடித்திருக்க மாட்டான்.

கேப்டன் தோல் பையிலிருந்து ஒரு வரைபடத்தை எடுத்து, நீரூற்றின் கல் விளிம்பில் விரித்தார். "பார். பெதர்னோசா. இங்கிருந்து பெரிய சாலை, மேற்கே, நேராக அரான்சாவுக்கு. காட்டுவழி என்று ஒன்று இதில் இல்லவே இல்லை. காட்டுக்குள் உன் நண்பர்கள் துப்பாக்கியோடு காத்திருக்கிறார்கள், அதுதானே?"

"அப்படி இல்லீங்க ஐயா. பெரிய ரோட்டுல கோயில்கிட்ட ஒரு எறக்கம் இருக்கு. பனி ஒறஞ்சு கெடக்கும். வண்டி நிக்காது."

"வரைபடத்துக்கு என்மேல் பகை இல்லை. உனக்கு உண்டு. குதிரைகள் தண்ணீர் குடித்ததும் பெரிய சாலையில் புறப்படுகிறோம். நீ முன்னால் நடப்பாய். வழியில் ஏதாவது தந்திரம் செய்தால் அங்கேயே சுடப்படுவாய்."

அந்த இறக்கம் எங்களுக்குத் தெரியும். ஆட்கள் தோளில் சுமக்கிற சப்பரத்தைக்கூடப் பின்னால் கயிறு கட்டி இழுத்துப் பிடித்துத்தான் இறக்குவோம். பாரவண்டி அதில் சறுக்கினால் கோயிலைத் தாண்டி நேரே பள்ளத்தாக்குதான், அடியில் ஆறு. முதல் வண்டி விழுந்தால், அதோடு கட்டியிருக்கும் ஆளும் விழுவான்.

"சிறுமியே, வண்டியில் இருப்பவர்களுக்குத் தண்ணீர் கொடு" என்று கேப்டன் கித்தேரியாவைக் கைகாட்டினார்.

அம்மா தோளை விடவில்லை. கித்தேரியாதான் மெதுவாக அந்த விரல்களை எடுத்துவிட்டாள். குடத்தைத் தூக்கிக்கொண்டு வண்டி வண்டியாகப் போனாள். முதல் வண்டியில் ஒரு சிப்பாயின் உதடு வெடித்துக் கிடந்தது. குடித்து முடித்ததும் அவன் என்னவோ சொன்னான். மொழி புரியவில்லை, நன்றி என்பது புரிந்தது.

அவன் தலைமாட்டில் பாதி ரொட்டி ஒன்று கிடந்தது. அதன்மேல் ஒரு சேவல்.

எங்கள் பக்கத்தில் ஊருக்கு ஒரே சூளைதான். எல்லார் வீட்டு மாவும் ஒன்றாக வேகும். எது யாருடையது என்று தெரிவதற்காக, வீட்டுக்கு ஒரு மர முத்திரை வைத்திருப்பார்கள், மாவில் அழுத்திவிட்டுச் சூளைக்கு அனுப்புவார்கள். இது கித்தேரியாவின் அத்தை கசில்தா வீட்டுச் சேவல். கொண்டை உடைந்த சேவல். அந்த முத்திரையைக் கீழே போட்டு உடைத்ததே கித்தேரியாதான். அத்தை அன்றைக்குத் திருகிய காது இன்னும் வலிப்பதுபோல இருந்தது.

அத்தை வீடு பக்கத்து ஊர் தோர்னியாவில். அப்படியானால் இவர்கள் அந்த வழியாகத்தான் வந்திருக்கிறார்கள். அத்தைக்கு என்ன ஆனதோ என்று அவளுக்குப் பக்கென்றது.

குடத்தை நிரப்பும் சாக்கில் நீரூற்றுக்குப் போனாள். வரைபடம் அங்கேயே விரிந்திருந்தது. தோன் கலிஸ்தோ சொல்லிக்கொடுத்த எழுத்துகளைக் கூட்டி, அத்தையின் ஊரைத் தேடினாள். பெதர்னோசா இருந்தது. அரான்சா இருந்தது. பார்பரா அன்னை கோயில்கூட இருந்தது. தோர்னியா மட்டும் இல்லை.

அப்போதுதான் அவளுக்கு எல்லாம் விளங்கியது.

அவள் பிறப்பதற்கு முன்னால் நடந்த கதை அது. தலைநகர் மத்ரித்தில் உட்கார்ந்து வரைபடம் போடும் பெரியவர் ஒருவர், ஊர் ஊராகப் போய்ப் பார்க்காமல், சாமியார்களுக்குக் கடிதம் எழுதி, அவரவர் ஊரை அவரவரே வரைந்து அனுப்பச் சொன்னார். தோன் கலிஸ்தோ மகிழ்ந்துபோய் வரைந்தார். ஊரே சுற்றி நின்று யோசனை சொன்னது. "நம்ம ரோட்ட இன்னும் கொஞ்சம் அகலமா போடுங்க சாமி" என்று சொன்னது வேறு யாருமில்லை, இளவட்டமாக இருந்த எலாதியோதான். சாலையின் முடிவில் சாமியார், 'இங்கிருந்து பார்த்தால் அரான்சா தெரியும்' என்று பெருமையாக எழுதினார். மத்ரித் பெரியவர் அதைப் படித்துவிட்டு, சாலையை அரான்சா வரைக்கும் நீட்டிவிட்டார் போலிருக்கிறது. அந்த வரைபடம்தான் இப்போது கேப்டன் கையில்.

தோர்னியாவையோ சாமியார் வரையவே இல்லை. எங்கள் கோயில் மணியை இரவல் வாங்கி விரிசலோடு திருப்பிக் கொடுத்த ஊர் அது. "அந்த ஊர் பேர என் பேனா எழுதாது" என்று சொல்லிவிட்டார். எல்லோரும் கைதட்டினார்கள். ஒவ்வொரு திருவிழாவிலும் இந்தக் கதையைச் சொல்லிச் சிரிப்பார்கள்.

இப்போது யாருக்கும் சிரிப்பு வரவில்லை. இதை வரைந்தது சாமியார் என்று சொன்னால் அப்பா பிழைக்கலாம். ஆனால் சூளையைத் திறந்து சாமியாரை இழுத்துப் போவார்கள். சொல்லாவிட்டால் அப்பா போய்விடுவார். குதிரைகள் தண்ணீர் குடித்து முடித்துத் தலையை உதறின.

"ஐயா" என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை. மறுபடியும், "ஐயா, இதுல தோர்னியா எங்க இருக்கு?" என்றாள்.

அம்மா தூரத்திலிருந்து, வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

கேப்டன் திரும்பினார். "அப்படி ஓர் ஊர் இல்லை."

"இருக்குங்க. நீங்க காலைல அங்கதான் ரொட்டி எடுத்திருக்கீங்க." அவள் முதல் வண்டிக்கு ஓடி, அந்தப் பாதி ரொட்டியைக் கொண்டுவந்தாள். "இது எங்க அத்தை வீட்டுச் சேவல். கொண்டை இல்ல பாருங்க. இந்த முத்திரை தோர்னியாவுல மட்டும்தான் இருக்கு."

கேப்டன் ரொட்டியைப் பார்த்தார். வரைபடத்தைப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"காலையில் ஓர் ஊர் வந்தது" என்று மெதுவாகச் சொன்னார். "வரைபடத்தின்படி முதலில் வரவேண்டியது பெதர்னோசா. இதுதானே பெதர்னோசா என்று ஒருவனிடம் கேட்டேன். இல்லை, தோர்னியா என்றான். பொய் சொல்கிறான் என்று கன்னத்தில் அறைந்தேன்."

"அவரு உண்மையதாங்க சொல்லியிருக்காரு."

"ஒரு முழு ஊரையே விட்டுவிட்டு எவன் வரைபடம் வரைவான்?"

கித்தேரியா பல்லைக் கடித்துக்கொண்டாள். "அந்த ஊர்மேல கோவமா இருக்கற ஒருத்தருங்க."

"அவன் பெயர்?"

சதுக்கத்தில் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். நல்லவேளை, சூளைப் பக்கம் யார் கண்ணும் போகவில்லை. ஒருமுறை பட்டது போதாதா?

"எங்க ஊர்ல எல்லாருக்குமே அந்த ஊர்மேல கோவந்தாங்க" என்றாள் கித்தேரியா. "எங்க மணிய ஒடைச்சிட்டாங்க."

கேப்டனின் உதட்டோரம் லேசாக அசைந்தது. "எங்கள் ஊருக்கு எதிர்க்கரையில் ஓர் ஊர் உண்டு. அவர்கள் எங்கள் பன்றியைத் திருடினார்கள். என் தாத்தா காலத்தில். இன்றுவரை அங்கே நாங்கள் பெண் எடுப்பதில்லை." பிறகு முகம் மறுபடியும் இறுகியது. "ஆனால் ஓர் ஊர் விட்டுப்போனதால் சாலையும் பொய் என்று ஆகாது."

"அப்ப வண்டி இங்கயே நிக்கட்டும். நாம நடந்து போய்ப் பாக்கலாம். நான் முன்னாடி போறேன்."

கேப்டன் யோசித்தார். பிறகு ஒரு சிப்பாயை உடன் அழைத்துக்கொண்டார். மற்றவர்களிடம் தங்கள் மொழியில் சொன்னதை, எங்களுக்கும் புரியட்டும் என்றோ என்னவோ, எங்கள் மொழியிலும் சொன்னார். "நான் திரும்பி வராவிட்டால் இவனைச் சுட்டுவிடுங்கள்."

அப்பா கித்தேரியாவைப் பார்த்தார். "பாத்துப் போ தங்கம். ஒக்காந்து எறங்கு" என்று மட்டும் சொன்னார்.

மேட்டில் ஏற ஏற மூடுபனி கெட்டியானது. வெள்ளைக் கற்கள்கூட அருகில் போனால்தான் தெரிந்தன. பின்னால் இரண்டு பேருடைய பூட்ஸ் சத்தம். அவர்களில் ஒருவரிடம் துப்பாக்கி இருக்கிறது என்ற நினைப்பில் அவள் முதுகு கூசியது. கேப்டனுக்கு ஏதாவது ஆகிவிட்டால் அப்பா அவ்வளவுதான் என்று நினைத்து, ஒவ்வொரு கல்லாகத் தொட்டுப் பார்த்து நடந்தாள்.

இறக்கம் தொடங்கும் இடத்தில் அவள் சட்டென்று தரையில் உட்கார்ந்தாள். "ஐயா, ஒக்காந்துக்கோங்க. நாங்க இப்படித்தான் எறங்குவோம்."

"ஒரு கேப்டன் தரையில் உட்கார்ந்து நகர்வதா?"

அடுத்த அடியிலேயே அவர் உட்கார்ந்துவிட்டார், ஆனால் தானாக அல்ல. இரண்டு காலும் ஒன்றாகப் பறக்க, தொப்பென்று விழுந்து பனியில் சறுக்கினார். மூக்குக்கண்ணாடி எங்கோ போனது. கோயில் சுவரைத் தாண்டி, விளிம்பில் கடைசியாக நின்ற வெள்ளைக் கல்லைக் கட்டிப் பிடித்தார். அது நேற்றுத்தான் நட்ட கல். மண் இன்னும் இறுகவில்லை.

கல் ஆடியது.

"அசையாதீங்க" என்று கித்தேரியா கத்தினாள். உட்கார்ந்தபடியே சறுக்கி, கோயில் படியில் இரண்டு காலையும் ஊன்றிக்கொண்டாள். தோளில் இருந்த கம்பளிச் சால்வையை உருவி வீசினாள். முதல் தடவை எட்டவில்லை. இரண்டாம் தடவை கேப்டனின் கையில் அகப்பட்டது. அவள் தோள் கழன்றுவிடும்போல இழுத்தது. அதற்குள் அந்தச் சிப்பாய் தவழ்ந்து வந்து அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டான்.

கேப்டன் மேலே வந்தார். வெள்ளைக் கல் உருண்டு போனது. சத்தமே இல்லை. மூன்று பேரும் காத்திருந்தார்கள். வெகுநேரம் கழித்து, மிக ஆழத்தில், 'தொபுக்' என்று தண்ணீர்ச் சத்தம் கேட்டது.

சிப்பாய் சிலுவை போட்டுக்கொண்டான். எங்களைப் போலவேதான் போட்டான்.

கேப்டன் படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். கண்ணாடி இல்லாத அவர் முகம் வேறு யாருடைய முகமோ போல இருந்தது.

"பயமாக இருந்ததா?" என்று கேட்டார்.

"இன்னும் இருக்குங்க" என்றாள் கித்தேரியா. "அப்பாவ அவுத்துவிடச் சொல்லுங்க."

மேட்டில் அவர்கள் தலை தெரிந்தபோதுதான் அம்மா மூச்சுவிட்டாள். கேப்டன் யாரையும் ஏவவில்லை, தானே அப்பாவின் கழுத்துக் கயிற்றை அவிழ்த்தார். பிறகு வரைபடத்தையும் ஒரு பென்சிலையும் கித்தேரியாவிடம் நீட்டினார்.

"என் கண்ணாடி ஆற்றில் கிடக்கிறது. அந்த ஊரை நீயே எழுது."

அவள் பெதர்னோசாவுக்குக் கிழக்கே ஒரு புள்ளி வைத்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, 'தோர்னியா' என்று எழுதினாள். எங்கள் ஊர்க்காரர் ஒருவர் அந்தப் பெயரை எழுதியது அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

"சாலையை அழித்துவிடு" என்றார் கேப்டன்.

கித்தேரியா கொஞ்சம் யோசித்தாள். கோயிலைத் தாண்டி நீண்ட கோட்டின்மேல் மட்டும் குறுக்கே கோடு போட்டாள். "கோயில் வரைக்கும் இருக்கட்டுங்க. அது எங்க அன்னையோட ரோடு."

வண்டிகள் தொட்டிக்குப் பின்னால் ஒவ்வொன்றாக இறங்கிக் காட்டுக்குள் போயின. அப்பா முன்னால் நடந்தார், கழுத்தில் கயிறு இல்லாமல். அன்று முழுதும் நாங்கள் அந்தக் காட்டையே பார்த்துக்கொண்டிருந்தோம். துப்பாக்கிச் சத்தம் கேட்குமோ என்று காதைத் தீட்டிக்கொண்டு கித்தேரியா வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள்.

"நீ பேசாம இருந்திருந்தா பட்டாளம் மொத்தமும் ஆத்துக்குள்ள போயிருக்கும்" என்றான் பக்கத்து வீட்டு இளைஞன் ஒருவன்.

"எங்க அப்பாவும்தான் போயிருப்பாரு" என்றாள் கித்தேரியா. கொஞ்ச நேரம் கழித்து, "வண்டியில படுத்திருந்தவங்களுக்கு எந்திரிக்கக்கூட முடியல" என்றாள்.

தோன் கலிஸ்தோவை வெளியே எடுக்க நாலு பேர் தேவைப்பட்டார்கள். தலை முதல் கால் வரை கரி. கண் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது. நடந்ததையெல்லாம் கேட்டுவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி, "வரைபடத்துல நம்ம ரோடு அகலமா இருந்துச்சா?"

"ரொம்ப அகலமா இருந்துச்சு சாமி" என்றாள் கித்தேரியா.

அவர் முகம் மலர்ந்தது. அப்புறம் கித்தேரியாவின் அம்மாவைப் பார்த்தார். மலர்ந்த முகம் அப்படியே சுருங்கிவிட்டது. கோயிலுக்குள் போனார்.

மறுநாள் மதியம் காட்டுக்குள்ளிருந்து அப்பா வந்தார். கித்தேரியா ஓடிப்போய் அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டு அழுதாள். முந்தின நாள் அழாததையும் சேர்த்து அழுதாள். அவர் தோளில் அந்தக் கயிறு சுருட்டித் தொங்கியது.

"இத எதுக்குடா கொண்டுவந்த?" என்று தோன் கலிஸ்தோ கேட்டார்.

"நல்ல கயிறு சாமி" என்றார் அப்பா.

திருவிழாவன்று விடியும்போதே சாமியாரைக் காணவில்லை. எங்கே போனாரோ என்று நாங்கள் பதறிக்கொண்டிருக்கையில், தோர்னியா மக்கள் கூட்டமாக வந்தார்கள், அவர்களுக்கு நடுவில் தோன் கலிஸ்தோ. கசில்தா அத்தை கூடை நிறைய ரொட்டி கொண்டுவந்திருந்தாள், எல்லாவற்றிலும் கொண்டையில்லாச் சேவல். பிரெஞ்சுக்காரர்கள் ரொட்டியைத்தான் எடுத்தார்கள், ஆளை ஒன்றும் செய்யவில்லை என்றாள். கூடவே கன்னம் வீங்கிய ஓர் ஆளும் வந்தார்.

"சொந்த ஊர் பேரச் சொன்னதுக்கு அறை வாங்குனவன் நான் ஒருத்தன்தான் சாமி" என்றார் அவர்.

"அது எனக்கு விழவேண்டிய அறை" என்றார் தோன் கலிஸ்தோ.

சப்பரம் புறப்பட்டது. இறக்கம் வந்ததும் அப்பா அந்தக் கயிற்றைச் சப்பரத்தின் பின்னால் கட்டினார். எங்கள் ஊர்க்காரர்கள் சிலர், தோர்னியாக்காரர்கள் சிலர் என்று அதைப் பிடித்துக்கொண்டார்கள். கடைசி முனையைக் கித்தேரியா தன் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு, கோயிலுக்கு மேலே பனியில் உட்கார்ந்து காலை ஊன்றினாள்.

"விடலாமா?" என்று கீழே கயிற்றைப் பிடித்திருந்தவர்கள் கேட்டார்கள்.

"மெதுவா விடுங்க. நான் பிடிச்சிருக்கேன்" என்றாள் கித்தேரியா.

அந்த வருடம் அன்னையின் சப்பரம் கொஞ்சம்கூட ஆடாமல் இறங்கியது.